பழைய வாகனம் வழியில் நின்றால் யாரிடம் காட்டுவது? திருகோணமலையில் உள்ள நான்கு வழிகள்

பழைய வாகனம் வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். நேற்று வரை ஒழுங்காக ஓடிய வண்டி இன்று நடுவழியில் நின்றுவிட்டது. நானே பார்க்கவா, தெரிந்த மெக்கானிக்கை வரச் சொல்லவா, எஞ்சின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் உள்ள இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகவா, ஒரேயடியாகக் கொழும்புக்கே அனுப்பிவிடவா?

கேட்பவர்களில் பலர் அதற்குள் ஏதாவது ஒரு பாகத்தை வாங்கி மாற்றியிருப்பார்கள். பற்றரி மாற்றினேன், பிளக் மாற்றினேன், பெற்றோல் பம்ப் மாற்றினேன், இன்னும் நிற்கிறது என்பார்கள். கேட்கும்போதே எனக்கு வருத்தமாக இருக்கும். பழுது எது என்று தெரியும் முன்பே பணம் பாகத்துக்குப் போய்விடுகிறது. பழுதைக் கண்டுபிடிப்பதற்கென்று தனியாகக் கூலி கொடுக்க நமக்கு மனம் வருவதில்லை, "சும்மா பார்த்ததற்கா காசு?" என்று கேட்கிறோம். அந்தப் பார்வைக்குத்தான் முதல் காசு போகவேண்டும். கீழே நான்கு வழிகளையும் நிறுக்கும்போது இந்த ஒரு கருத்தை நான் விடப்போவதில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடமும் நாம் ஓட்டியது இருந்த வண்டிகளைத்தான். இன்று திருகோணமலை வீதிகளில் ஓடும் லைட்ஏஸ், டொல்பின் ஹைஏஸ், கொரொல்லா, சன்னி, மாருதி 800 எல்லாம் பலரது குடும்பத்தின் பெரிய சொத்து. அவற்றை அவசர முடிவால் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

## எவற்றை வைத்து நிறுப்பது?

முதலாவது, இன்னும் ஒரு கிலோமீற்றர் ஓட்டினால் அல்லது இன்னொரு முறை ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் மேலும் கெடுமா என்பது. மற்ற எல்லாவற்றையும் விட இது பெரியது.

இரண்டாவது, நீங்கள் நிற்கும் இடமும் நேரமும். அனுராதபுரச் சந்தியில் காலை ஒன்பது மணிக்கு நிற்பதும், கந்தளாய் தாண்டி ஹபரணைக்குப் போகும் காட்டு வழியில் பொழுது சாயும்போது நிற்பதும் ஒன்றல்ல. அந்த வழியில் யானை வரும். அங்கே பழுது பார்ப்பது இரண்டாம் வேலை.

மூன்றாவது, எஞ்சினின் வகை. இயந்திர முறைப் பம்ப் உள்ள பழைய டீசலா, கணினி கட்டுப்படுத்தும் பெற்றோல் எஞ்சினா, உயர் அழுத்தப் பொதுக் குழாய் வழியாக டீசல் பாய்ச்சும் கொமன் ரெயில் டீசலா என்பதைப் பொறுத்தே பார்க்கவேண்டிய ஆள் மாறுவார்.

நான்காவது, சொல்லப்படும் முடிவு சோதித்துச் சொன்னதா, ஊகித்துச் சொன்னதா என்பது. ஐந்தாவது, கூலிச் சிட்டையில் வராத செலவுகள்: இழுவைக் கூலி, வேலை போன நாட்கள், தேவையில்லாமல் மாற்றிய பாகங்கள், கொழும்பு போய்வரும் பயணம்.

## எப்படி நின்றது? அதுதான் பாதி விடை

எந்த வழியைத் தேர்ந்தாலும் இதற்கு நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும். அந்த நேரத்தில் வண்டிக்குள் இருந்தவர் நீங்கள் மட்டுமே.

சாவியைத் திருப்பி அணைத்தது போலச் சட்டென்று நின்றதா? பெற்றோல் வண்டியென்றால் முதலில் மின்சாரப் பக்கத்தைச் சந்தேகிக்கவேண்டும்: தீப்பொறி தரும் இக்னிஷன் கொயில், அதைத் தூண்டும் இக்னைட்டர், எஞ்சின் சுழல்வதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சர், ரிலே, கழன்ற வயர். பழைய டீசலில் பம்பின் மேல் இருக்கும் எரிபொருள் நிறுத்தும் மின்வால்வான சொலினொயிட்டுக்குப் போகும் ஒற்றை வயர் அறுந்தாலும் இப்படித்தான் நிற்கும். வால்வுகளைத் தக்க நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்தாலும் இப்படித்தான்.

இழுவை குறைந்து, குலுங்கிக் குலுங்கி, பின்பு நின்றதா? அது எரிபொருள் வராத நடை. அடைத்த பில்ட்டர், டீசலில் தண்ணீர், குழாயில் காற்று, பலம் குன்றிய பம்ப்.

சூடேறினால் நின்று, அரை மணி ஆறவிட்டால் ஒன்றும் நடக்காதது போல ஓடுகிறதா? கிராங்க் சென்சரும் இக்னைட்டரும் கொயிலும் சூட்டில் செயலிழந்து ஆறியதும் உயிர்பெறும் பழக்கம் உடையவை. இந்த ஒரு தகவலை மெக்கானிக்கிடம் சொல்லாமல் விட்டால், அவர் முன்னால் வண்டி நன்றாக ஓடும். அவரும் "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுவார்.

தட்டும் சத்தம் கேட்டு நின்றதா, எண்ணெய் விளக்கு எரிந்ததா? அப்படியானால் மீண்டும் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். வழிகளை ஒப்பிடும் வேலையும் முடிந்துவிட்டது. இழுவை வண்டியை அழையுங்கள்.

வெப்பமானியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், அதற்கு நான் கொடுத்த விலை பெரியது. சில வருடங்களுக்கு முன் ஓர் ஆவணி மத்தியானம், கச்சான் காற்று நெருப்பாக வீசிய நாள். கந்தளாயிலிருந்து எங்கள் டீசல் வானில் வந்துகொண்டிருந்தேன். முன் இருக்கைக்கு அடியில் எஞ்சின் உள்ள வகை அது. முள் மெல்ல மேலே ஏறியது. தம்பலகாமத்தை நெருங்கும்போது அதே முள் மளமளவென்று கீழே இறங்கியது. ஆறிவிட்டது என்று நினைத்து நிம்மதியோடு மிதித்தேன். இருக்கை மட்டும் தொடையைச் சுட்டது. சற்றுத் தூரத்தில் இழுவை போய், எஞ்சின் தானாக நின்றது. ரேடியேற்றரில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வெப்ப சென்சர் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் வற்றிய பின் அது வெறும் ஆவியில் நின்று முள்ளைக் கீழே விட்டிருக்கிறது. கழற்றியபோது எஞ்சினின் மேற்பகுதியான அலுமினிய ஹெட் வளைந்து, வால்வுகளுக்கு நடுவே முடி போல வெடிப்பு ஓடியிருந்தது. காரணம், வெடித்த ஒரு சிறிய ரப்பர் குழாய். ஏறிய முள் காரணமின்றி இறங்கினால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். மூடியை உடனே திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். கொதிக்கும் எஞ்சினுக்குள் குளிர்ந்த நீரையும் ஊற்றாதீர்கள்.

## வழி 1: நானே பார்ப்பது

எங்கள் ஊர் வண்டிகளுக்கு இந்த வழி மிகவும் பொருந்தும் என்று நினைக்கிறேன். அதற்குக் காரணம் கடல். உப்புவெளி, நிலாவெளி, உவர்மலைப் பக்கம் நிற்கும் வண்டிகளின் வயர் முனைகளை உப்புக்காற்று ஓயாமல் தின்கிறது. உள்ளூரில் காட்டும் திடீர்ப் பழுதுகளில் நான் பார்த்தவற்றுள் பல, பச்சை பூத்த ஒரு முனையில்தான் முடிந்தன.

என் மாமாவின் பழைய ஜப்பான் கார் அப்படி ஒன்று. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இரவு முழுவதும் நிற்கும். ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஸ்டார்ட் ஆகாது, ஓடும்போதே அணைந்துவிடும். புதுப் பற்றரி போட்டார். ஸ்டார்ட்டரை மாற்றினார். பிறகு ஆல்ட்டர்னேட்டரும் மாறியது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் ஒரு மல்டிமீற்றரோடு உட்கார்ந்தோம். பற்றரி 12.6 வோல்ட் காட்டியது, நல்ல பற்றரி. மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் மைனஸ் தலையிலும் மறுமுனையை எஞ்சின் உடலிலும் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. எஞ்சினையும் பற்றரியையும் சேர்க்கும் எர்த் வயரைக் கழற்றினோம். வெளியே உறை புதிதுபோல இருந்தது. நுனியில் உறையைக் கீறிப் பார்த்தால் செம்பு கறுத்து, விரலால் நசுக்கும்போது தூளாக உதிர்ந்தது. மாமா அந்தத் தூளைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

இந்தச் சோதனைக்கு மெக்கானிக் தேவையில்லை. வண்டியில் இருக்கவேண்டியவை: மல்டிமீற்றர், டோர்ச், சில ஃபியூஸ்கள், 10, 12, 14 மில்லிமீற்றர் ஸ்பானர்கள், இரண்டு முழம் வயர், ஐந்து லீற்றர் நல்ல தண்ணீர். நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்கிறேன். கடலோரக் கிணற்றுத் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது; அதையே மாதக்கணக்கில் ரேடியேற்றருக்கு ஊற்றினால் உள்ளே படிந்து அடைத்துக்கொள்ளும்.

நின்றவுடன் செய்யக்கூடியவை அதிகமில்லை. ஸ்டார்ட்டர் சுற்றும் சத்தத்தைக் கேளுங்கள். நல்ல எஞ்சின் ஒவ்வோர் அமுக்கத்திலும் சற்றுத் திணறித் திணறிச் சுழலும். திணறல் இல்லாமல் தையல் இயந்திரம் போல வழுக்கிக்கொண்டு சுழன்றால் டைமிங் பெல்ட் போயிருக்கலாம்; அதற்கு மேல் சுற்றாதீர்கள், தள்ளியும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். சில எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் இடித்து வளையும். திணறலோடு சுழன்றும் பிடிக்கவில்லையென்றால் பெற்றோல் வண்டியில் எரிபொருள் வருகிறதா, தீப்பொறி வருகிறதா என்ற இரண்டு கேள்விதான். சாவியைப் போட்டதும் எரிபொருள் தாங்கிப் பக்கம் இரண்டு மூன்று விநாடி ரீங்காரம் கேட்டால் பம்ப் ஓடுகிறது. சில பழைய டொயோட்டாக்களில் ஸ்டார்ட்டர் சுற்றத் தொடங்கிய பிறகுதான் பம்ப் ஓடும். ஆகவே ரீங்காரம் இல்லை என்பதற்காகவே பம்பைக் குற்றம் சொல்லவேண்டாம்.

பழைய டீசலில் சாவியைப் போடும்போது சொலினொயிட் "டிக்" என்று அடிக்கவேண்டும். அடிக்கவில்லையென்றால் வயரில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். அடித்தால் பில்ட்டரின் மேலுள்ள கைப் பம்பை அமுக்கிப் பாருங்கள். இறுகாமல் தளர்வாகவே இருந்தால் காற்று இழுக்கிறது. கீழேயுள்ள நீர்பிரி கிண்ணத்தைச் சற்றுத் தளர்த்தி ஒரு போத்தலில் பிடித்தால் தண்ணீர் அடியில் தனியாகத் தெரியும்.

மறைந்த செலவு என்ன? சும்மா தெரிந்துகொள்ள அவிழ்த்த சொக்கட்டின் பிளாஸ்ரிக் கொக்கி உடைவது, ஃபியூஸுக்குப் பதிலாக வெறும் கம்பி சுற்றி வயர்க் கட்டு முழுவதும் எரிவது. இருபது நிமிடத்துக்குள் எதுவும் பிடிபடவில்லையென்றால் கையை எடுத்துவிடுங்கள். ஹைபிரிட் வண்டியின் செம்மஞ்சள் நிற வயர்களை ஒருபோதும் தொடாதீர்கள்.

## வழி 2: தெரிந்த மெக்கானிக்கை வரவழைப்பது

இயந்திர முறை டீசலுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. டொயோட்டாவின் 2சி, 3எல் போன்ற டீசல் எஞ்சின்களைக் கையால் வளர்த்த தலைமுறை மெக்கானிக்குகள் திருகோணமலையிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் இருக்கிறார்கள். எஞ்சின் குலுங்கி ஓடும்போது அவர்கள் சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் ஒவ்வொரு நொசிலுக்கும் போகும் குழாயின் நட்டைச் சற்றுத் தளர்த்துவார்கள். சத்தம் மாறினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்தது. மாறாவிட்டால் அதுதான் செத்த சிலிண்டர். நீண்ட ஸ்க்ரூட்ரைவரின் பிடியைக் காதோடு அழுத்தி, நுனியை நொசிலில் வைத்து, கண்ணை மூடிக் கேட்கும் ஒருவரைப் பார்த்தால் இவரிடம் வண்டியை விடலாம் என்று எனக்கு உடனே தோன்றும். இதே வேலையைக் கொமன் ரெயில் டீசலில் செய்ய யாரையும் விடாதீர்கள். அதன் குழாயில் ஆயிரம் பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் அழுத்தம் ஏறும். கசிவு தோலைத் துளைத்து உள்ளே போகும்.

வண்டியின் பழைய வரலாறு அவருக்குத் தெரியும் என்பது இன்னொரு பெரிய ஆதாயம். இடத்துக்கே வருவதால் இழுவைக் கூலியும் மிச்சம்.

குறை எங்கே வருகிறது? மின்னணுப் பழுதில் சோதனைக் கருவி இல்லாதவர் ஊகத்துக்குப் போகிறார். "சென்சர் ஒன்றை மாற்றிப் பார்ப்போம்" என்பார். பயன்படுத்திய சென்சர் ஒன்று வரும், அதுவும் சரியில்லாமல் இருக்கும். அப்போது இரண்டு பழுது. மாமாவின் காரில் நடந்தது இதுதான். பார்த்தவர் கெட்ட மனிதர் அல்லர். மல்டிமீற்றர் இல்லாமல் வேலை செய்தார், அவ்வளவுதான்.

ஆகவே நான் பேசும் முறையை மாற்றிக்கொண்டேன். எங்கள் வானைப் பார்க்கும் மெக்கானிக் என்னைவிட மூத்தவர். அவரிடம் இப்படிச் சொன்னேன்: "அண்ணன், இன்றைக்கு ஒன்றும் மாற்றவேண்டாம். என்ன பழுது என்று மட்டும் பாருங்கள். பார்த்ததற்குரிய கூலியைத் தருகிறேன், மாற்றுவதைப் பிறகு பேசுவோம்." அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் தம்பி, வண்டியை இரவு இங்கே விட்டுவிட்டுப் போங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினில் பார்க்கவேண்டும். சூட்டில் பார்த்தால் பாதிதான் தெரியும்" என்றார். பார்வைக்குக் கூலி உண்டு என்று தெரிந்ததும் அவசரம் அவரை விட்டுப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். காலையில் ரேடியேற்றர் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்தார். தண்ணீரில் குமிழிகள் தொடர்ந்து வந்தன. ஹெட்டுக்கும் எஞ்சின் உடலுக்கும் நடுவிலுள்ள ஹெட் கஸ்கட் போயிருந்தது. ஒரு பாகமும் வாங்காமல் விடை கிடைத்தது.

கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வதும் நல்லது. கேட்பது சந்தேகம் அல்ல. நாளைக்கு வேறொருவர் பார்க்கும்போது அது சாட்சி.

## வழி 3: ஸ்கேனரோடு ஓட்டோ எலெக்ட்ரீஷியன்

கணினி கட்டுப்படுத்தும் எஞ்சின் சட்டென்று நின்றால், அல்லது எஞ்சின் விளக்கு எரிந்தால், நான் நேராக இங்கேதான் போவேன். ஆனால் ஸ்கேனர் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்துகொண்டு போகவேண்டும்.

அது பழுதான பாகத்தின் பெயரைச் சொல்வதில்லை. கணினி கண்ட முறைகேட்டைச் சொல்கிறது. பி0335 என்ற பழுது எண் வந்தால் கிராங்க் சென்சரின் சுற்றில் குழப்பம் என்று பொருள். சென்சராக இருக்கலாம், அதன் வயராக இருக்கலாம், உப்பேறிய சொக்கட்டாகவும் இருக்கலாம். பி0171 வந்தால் எரிபொருள் கலவையில் காற்று கூடியிருக்கிறது என்று பொருள். பலர் ஒக்சிஜன் சென்சரை மாற்றுகிறார்கள், ஆனால் வெடித்த ஒரு வெற்றிடக் குழாயோ பலம் குன்றிய பம்போ அதே எண்ணைத் தரும். எண்ணைப் படித்ததும் உடனே பாகத்தின் பெயரைச் சொல்பவரை விட, எண்ணைப் படித்தபின் மீற்றரைக் கையில் எடுப்பவரே உங்களுக்கு வேண்டியவர்.

இன்னொரு சிக்கல் வயது. அமெரிக்காவில் 1996 முதல் கார்களுக்கு ஓபிடி 2 என்ற பொது முறை கட்டாயமானது. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென்று 1990களில் செய்யப்பட்டு நம்மிடம் வந்த கார்கள் அந்த முறைக்குக் கட்டுப்பட்டவை அல்ல. சொக்கட் இருந்தாலும் மலிவான ஸ்கேனரோடு அவை பேசாமல் இருக்கலாம். அதற்காகக் கைவிடத் தேவையில்லை. அக்காலத்து டொயோட்டாக்களில் எஞ்சின் அறையிலுள்ள சிறிய சோதனைப் பெட்டியில் டிஈ1, ஈ1 என்ற இரண்டு முனைகளை ஒரு துண்டு வயரால் இணைத்துச் சாவியைப் போட்டால், எஞ்சின் விளக்கே மின்னி மின்னி எண்ணைச் சொல்லும். ஒரு மின்னல், இடைவெளி, நான்கு மின்னல் என்றால் 14; இக்னிஷன் சைகை வரவில்லை என்று பொருள். 22 என்றால் வெப்ப சென்சர். இதைத் தெரிந்த எலெக்ட்ரீஷியன் கிடைத்தால் அவருடைய தொலைபேசி எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய இயந்திர முறை டீசலுக்கு ஸ்கேனரால் ஒரு பயனும் இல்லை. அங்கே கொண்டுபோவது இழுவைக் கூலியை வீணாக்குவது.

மறைந்த செலவும் இழுவைதான். கயிறு கட்டி இழுக்கும்போது எஞ்சின் ஓடாததால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாக இறுகும். நகர வீதி நெரிசலில் அது ஆபத்து. தானியங்கிக் கியர் வண்டியை இயங்கும் சில்லுகள் தரையில் உருள இழுத்தால் கியர்பெட்டியும் சேர்ந்து கெடும். அதற்கு ஏற்றிச் செல்லும் வண்டிதான் வேண்டும். முழுக்காப்புறுதி எடுத்தவர்கள் இழுவைச் சேவை அதில் உண்டா என்று இன்றே பத்திரத்தில் பார்த்துவையுங்கள். இன்னொன்று, பற்றரியைக் கழற்றிவிட்டுக் கொண்டுபோகாதீர்கள். பல வண்டிகளில் சேமித்த எண்கள் அழிந்துவிடும்.

## வழி 4: கொழும்புக்கு அனுப்புவது

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானோருக்கு இது தேவைப்படுவதில்லை. ஏறத்தாழ 260 கி.மீ. ஏற்றிச் செல்லும் கூலி, அங்கே தங்கிப் பார்க்கவேண்டிய நாட்கள், வண்டியில்லாமல் இங்கே நின்றுபோகும் வேலை எல்லாவற்றையும் கூட்டினால் பழைய வண்டியின் சாதாரணப் பழுதுக்கு அது கட்டாது. கொமன் ரெயில் நொசில் மாற்றிய பின் கணினியில் பதிவது, சாவியின் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு), ஹைபிரிட் பற்றரி, தானியங்கிக் கியரின் கணினி போன்றவற்றுக்கு உள்ளூரில் ஆள் கிடைக்காவிட்டால் மட்டும் அனுப்பலாம்.

அதைவிட நல்லது, வண்டியை இங்கே வைத்துவிட்டுப் பாகத்தை மட்டும் அனுப்புவது. டீசல் பம்பையோ நொசில்களையோ கழற்றி, சோதனை மேசை உள்ள இடத்துக்கு இரவு பஸ்ஸில் அனுப்பி, முடிவைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளலாம். கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையிலிருந்து பாகம் வரும் அதே பஸ்தான். ஆனால் பம்பில்தான் பழுது என்று இங்கேயே உறுதிசெய்த பிறகு கழற்றுங்கள். காற்று இழுக்கும் ஒரு ரப்பர் குழாய்க்காகப் பம்பைக் கழற்றி அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். திரும்பப் பூட்டும்போது டைமிங் குறி பிசகினால் அது புதிய தலைவலி.

## ஒரே பார்வையில்

| | நானே | மெக்கானிக் | ஸ்கேனர், ஓட்டோ எலெக்ட்ரீஷியன் | கொழும்பு |
|---|---|---|---|---|
| எதற்குப் பொருந்தும் | எர்த், ஃபியூஸ், தண்ணீர், பில்ட்டர் | பழைய டீசல், ஹெட் கஸ்கட், டைமிங் பெல்ட் | கணினி எஞ்சின், சூட்டில் நிற்கும் பழுது | கொமன் ரெயில் பதிவு, ஹைபிரிட், இம்மொபிலைசர் |
| விடை கிடைக்க | இருபது நிமிடம் | சில மணி முதல் ஒரு நாள் வரை | பெரும்பாலும் ஒரு நாள் | பல நாட்கள் |
| நேரடிச் செலவு | ஏறத்தாழ இல்லை | குறைவு | நடுத்தரம் | அதிகம் |
| மறைந்த செலவு | உடையும் சொக்கட், எரியும் வயர் | ஊகத்தில் மாற்றும் பாகம் | இழுவை, எண்ணை நம்பி மாற்றும் பாகம் | ஏற்றுக்கூலி, தங்குமிடம், போன வேலைநாள் |
| தவிர்க்கவேண்டிய நேரம் | தட்டும் சத்தம், எண்ணெய் விளக்கு, காட்டு வழி இருட்டு | கொமன் ரெயில், ஹைபிரிட் | இயந்திர முறை டீசல் | உள்ளூரில் சோதிக்கும் முன் |

## எந்த நிலையில் எது?

நிலாவெளியில் நிற்கும் வாடகை வானுக்கு மறுநாள் அதிகாலை சவாரி இருக்கிறது என்றால், முதலில் வேறு வான் ஒன்றைச் சவாரிக்குப் பேசிவிடுங்கள். சவாரி தலைக்கு மேல் தொங்கும்போது யாரும் நிதானமாகப் பழுது பார்ப்பதில்லை. மீன் ஏற்றிய லொறிக்கும் அதுதான். சரக்கை மாற்றிய பிறகு எஞ்சினைப் பாருங்கள். ஐஸ் உருகும் கணக்கில் எடுத்த முடிவு சரியாக இருந்து நான் பார்த்ததில்லை.

மூதூர்ப் பக்கத்தில் நின்றால் நகரத்துக்கு இழுக்கும் முன் அங்கேயே ஒரு மெக்கானிக்கை அழையுங்கள். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்த பின் நகரத்துக்கு வருவது இலகுவாகிவிட்டது என்பது உண்மை. ஆனால் பழைய டீசலுக்கு வேண்டிய கை அங்கேயே இருக்கும்போது பாலம் தாண்டி இழுப்பானேன்?

மாரி மழையில் வெள்ளத்தைக் கடக்கும்போது நின்றதா? தீப்பொறி பகிரும் மூடி நனைந்த பழைய பெற்றோல் வண்டி துடைத்துக் காயவைத்தாலே ஓடிவிடும். காற்றுக் குழாய்க்குள் தண்ணீர் ஏறியிருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் மட்டும் ஸ்டார்ட் செய்யவேண்டாம். தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கொன்ரொட் வளைந்துவிடும். காற்று பில்ட்டர் ஈரமா என்று திறந்து பார்த்து, ஈரமென்றால் மெக்கானிக்கை அழைத்து நொசிலையோ பிளக்கையோ கழற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள்.

ஹபரணைக் காட்டு வழியில் பொழுது சாயும்போது நின்றால், விளக்குகளைப் போட்டுவிட்டு உள்ளேயே இருங்கள். வருகிற பஸ்ஸையோ லொறியையோ நிறுத்தி உதவி கேளுங்கள். வண்டி காலைவரை நிற்கட்டும்.

எங்கள் வானின் டாஷ்போர்டில் இப்போது ஒரு நாற்பது பக்கக் கொப்பி இருக்கிறது. டைமிங் பெல்ட் மாற்றிய கிலோமீற்றர், பில்ட்டர் மாற்றிய நாள், நின்ற இடம், நின்ற விதம், சூடா குளிரா, எவ்வளவு நேரத்தில் மீண்டும் ஓடியது என்று எழுதுகிறேன். கராஜுக்குப் போனால் சாவியோடு அதையும் கொடுக்கிறேன். போன முறை மெக்கானிக் அண்ணன் பொனற்றைத் திறக்கும் முன் மூன்று பக்கம் வாசித்தார். பிறகு எஞ்சினைத் தொடாமல், குனிந்து, தாங்கியிலிருந்து வரும் டீசல் குழாயை விரலால் தடவிக்கொண்டே பின்பக்கம் போனார். வெடிப்பு அங்கேதான் இருந்தது.